மெலாஞ்சைத் திறந்துவிட்ட நாள்

நேற்று மாலை பக்கத்துத் தெருவிலிருந்து வந்து எங்கள் பூனைக் கூண்டை வாங்கிக்கொண்டு போனீர்கள். போகும்போது உங்களில் ஒருவர், "ஏனுங்க, இதுல தெரிஞ்சுக்க வேண்டியது வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். "கருவாடு வெச்சாப் போதுமுங்க" என்று சொல்லி அனுப்பினேன். வாசலில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற பதிலா அது? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஓர் அறிவிப்பு. பூனை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எனக்கு வயது இருபத்தாறு என்பதைச் சொல்லிச் சிரிக்க வேண்டாம். கருத்தடை செய்த பூனைக்கு அடையாளமாக, மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைக் கொஞ்சம் நேராக வெட்டிவிடுவார்கள். எங்கள் தெருவில் இப்போது முழுக் காதோடு திரிகிற பூனை ஒன்றுகூட இல்லை. வேலை தீர்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது அழகல்ல.

கூண்டை எங்கே வைப்பது, அறுவைச் சிகிச்சைக்கு முன் எவ்வளவு நேரம் பட்டினி போடுவது என்பதெல்லாம் கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா உங்களுக்குச் சொல்லித்தருவார். நான் அதைத் தொடப்போவதில்லை. பூனையைப் பிடிப்பது சின்ன வேலை. பூனையைச் சுற்றி நிற்கும் மனிதர்களைச் சமாளிப்பதுதான் வேலையே.

இந்த வேலை என்னிடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா தறியிலிருந்து தையல் மிஷினுக்கு மாறியவர். அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியவர். நான் கல்லூரி முடித்ததும் என் பெயரையும் பட்டத்தையும் எழுதிய பலகை ஒன்றை அப்பா வீட்டு வாசலில் மாட்டினார். மறுநாளே ஒருவர் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்துவிட்டார். அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்கும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பகலெல்லாம் பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பதில் எழுதுவேன். வீட்டுக்கு வந்தால் தெருவே வந்து நிற்கும். கரண்ட் பில்லில் தவறு என்றாலும், பள்ளியில் பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை என்றாலும், "நீ படிச்ச புள்ள, என்னன்னு பாரு கண்ணு" என்பார்கள். எங்கள் தெருவில் 'படிச்ச புள்ள' என்பது ஓர் உத்தியோகம். அந்த உத்தியோகத்தின் வழியாகத்தான் பூனைகளும் என்னிடம் வந்து சேர்ந்தன.

பூனைகள் இருந்த இடம் துரைசாமி அண்ணனின் வேஸ்ட் குடோன். கட்டிங்கில் மிஞ்சும் துணித்துண்டுகளைக் கம்பெனிகளிலிருந்து வாங்கி, நிறம் பிரித்து மூட்டை கட்டி, மறுபடி நூலாக்கும் மில்லுக்கு அனுப்புகிறவர் அவர். மெத்து மெத்தென்று துணி மலைபோல் குவிந்திருக்கும். பிள்ளை பெறுவதற்கு அதைவிட நல்ல இடத்தைத் திருப்பூரில் எந்தப் பூனையும் கண்டுபிடிக்கவில்லை. குடோனில் நிறம் பிரிக்கும் மல்லிகா அக்கா கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பூனைகளுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். கழுத்தில் வெள்ளை வளையம் இருந்தது 'காலர்'. ரிப் துணிபோல உடம்பெல்லாம் கோடு போட்டது 'ரிப்'. சாம்பல் நூலும் வெள்ளை நூலும் கலந்த துணியின் நிறத்தில் ஒன்று இருந்தது. அது 'மெலாஞ்ச்'. பாதிப் பூனைகளுக்கு அதுதான் தாய். மீதிப் பாதிக்குப் பாட்டி.

ஒருமுறை 'காலர்' பூனை ஈன்ற குட்டிகள் மூட்டைக்குள் இருந்தபடியே மில்லுக்குப் போய்விட்டன. லாரி டிரைவர் அவற்றைத் தன் சாப்பாட்டுத் தூக்கில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். குட்டிகள் பிழைத்தன. ஆனால் மில்காரர்கள் அந்த லோடு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். துரைசாமி அண்ணன் தெருவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இனி ஒரு குட்டி என்ற மூட்டைக்குள்ள கண்டேன்னா, அத்தனை பூனையவும் சாக்குல கட்டி அமராவதி டேமுக்கு அக்கட்டால உட்டுப்போட்டு வந்துருவேன். ஆமா."

சாக்கு கட்டும் தொழில்காரர் சாக்கில் கட்டுவேன் என்றால் அது வெறும் பேச்சில்லை. மல்லிகா அக்கா அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். ஊரை விட்டு வந்து தனியாக இருப்பவர் அவர். சாயங்காலம் குடோன் படியில் உட்கார்ந்து அந்தப் பூனைகளோடுதான் பேசிக்கொண்டிருப்பார். தெரு என்னைப் பார்த்தது. நான் படிச்ச புள்ள. "எல்லாத்துக்கும் கருத்தடை பண்ணிறலாமுங்க அண்ணா. மெலாஞ்சு உட்பட அத்தனையும் பிடிச்சுக் காட்டறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இத்தனைக்கும் அதுவரை நான் ஒரு பூனையைத் தூக்கியதுகூட இல்லை.

முதல் நாள் கூண்டு வைத்த கதையைக் கேளுங்கள். குடோனுக்கு அடுத்தது கவிதாவின் வீடு. கீழே இரண்டு நிட்டிங் மிஷின், மேலே குடித்தனம். அவர்கள் பரம்பரையாக முருகனைக் கும்பிடும் நெசவுக் குடும்பம். கூண்டை அவள் வாசலில் வைத்ததும் இறங்கி வந்தாள்.

"அக்கா, இன்னிக்குக் கிருத்திகைங்க. கருவாடு எங்க வாசல்ல வேண்டாமுங்க."

"அப்பறம் பூனை எதுக்கு வரும் கவிதா?"

"தயிர்சோறு வெய்யுங்க. பூனைக்கும் ஒரு நாள் சுத்தமா இருந்தா என்னங்க?"

மறுத்துப் பேச முடியாத வாதம். தயிர்சோறு வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கதவு விழுந்த சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினோம். உள்ளே இருந்தது துரைசாமி அண்ணன் வளர்த்த சேவல். கிருத்திகை அன்று, கவிதாவின் வாசலில், சேவல். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள். அதைக் கூண்டிலிருந்து எடுக்கும் முன் கற்பூரம் காட்ட வேண்டும் என்று ஒரு பேச்சும் எழுந்தது. துரைசாமி அண்ணன்தான், "அது என்ற ஊட்டுச் சேவலுங்க, சாமியோடது இல்ல" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அதிலிருந்து நான் கற்றது: கூண்டு வைக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, கிருத்திகை, யார் வீட்டில் என்ன விரதம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு தெருவில் எந்த வேலையும் நடக்காது.

அடுத்த சிக்கல் இன்னும் பெரிது. கூண்டு வைக்கும் நாளில் யாரும் பூனைக்குச் சோறு வைக்கக்கூடாது. பசித்தால்தான் உள்ளே போகும். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் "சரிங்க, சரிங்க" என்றார்கள். பூனைகள் வந்தன. கூண்டுக்கு வெளியே நின்று, மூன்றாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்த விருந்தாளியைப் போலக் கருவாட்டை மோந்து பார்த்தன. பிறகு நாக்கால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டன.

"யாருங்க சோறு வெச்சது?" என்று கேட்டேன்.

"நாங்க இல்லீங்க," என்றாள் கவிதா. "ஒரு வாய் பால் ஊத்துனேன். பால் சோத்துல சேத்தியா?"

"நான் மீன் தல மட்டுந்தான் போட்டேன் பிள்ள," என்றார் மல்லிகா அக்கா. "தல ஒரு சாப்பாடா?"

கடைசியில் துரைசாமி அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "கால்ல வந்து ஒரசுச்சு கண்ணு. ரெண்டு பிஸ்கட்டு பிச்சுப் போட்டேன். அதையெல்லாம் ஒரு கணக்கா?"

டேமுக்கு அனுப்பப்போகிறவர் பிஸ்கட் போட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. நாலு பேருக்கு நடுவில் சத்தம் போட வாயைத் திறந்தேன். ஆனால் வாசலுக்கு வந்த உயிரை வெறும் வயிற்றோடு அனுப்பு என்று இந்த ஊர்க்காரர்களிடம் சொன்னால் எப்படிக் கேட்பார்கள்? தப்பு அவர்களிடம் இல்லை, என் உத்தரவில்தான். அடுத்த முறை வேறு மாதிரி சொன்னேன். "நாளைக்கு எல்லா ஊட்டுலயும் பூனைக்குக் குடுங்க. ஆனா மல்லிகா அக்கா கையில குடுங்க. ஒரே எடத்துல வெச்சு நிறைவாப் போடலாம்." அந்த ஒரே இடம் கூண்டு. அவ்வளவுதான். காலர், ரிப் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

கூண்டுக்குள் பூனை விழுந்ததும் துணி போட்டு மூட வேண்டும். இருட்டானால் அது அடங்கிவிடும். உலகத்தில் மற்ற ஊர்க்காரர்கள் பழைய போர்வையைத் தேடுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. பிரிண்ட் தப்பாகிப்போன டீ-சர்ட் துணியைப் போட்டு மூடி அனுப்பினோம். டாக்டரம்மா, "உங்க தெருப் பூனைங்க மட்டும்தாங்க இங்கிலீஷ் வாசகத்தோட வருது" என்பார்.

கடைசியில் மிஞ்சியது மெலாஞ்ச். அது கூண்டைச் சுற்றி வரும், உள்ளே கழுத்தை நீட்டும், மிதித்தால் கதவு விழும் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு எட்டின மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். அமைதியான இடத்தில் கூண்டு வைக்க வேண்டும் என்று படித்திருந்ததை வைத்து நான் யோசித்தேன். தீபாவளிக்கு ஊரே காலியாகும். கம்பெனிகள் மூடியிருக்கும், லாரி வராது, ஆள் நடமாட்டம் இருக்காது. அந்த அமைதியில் பிடித்துவிடலாம். நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தீபாவளி முடிந்து பட்டாசுச் சத்தமும் ஓய்ந்த பிறகு, தெரு அப்படி ஓர் அமைதியில் கிடந்தது. கூண்டு வைத்தோம். மெலாஞ்ச் கிட்டேயே வரவில்லை. தூரத்துச் சுவரில் ஒரு நிழல் தெரியும். காய்ந்த இலை ஒன்று உருண்டாலும் அது காணாமல் போய்விடும். விடுமுறை முழுவதும் இதே கதை. நான் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது கவிதா பாப்பாவை இடுப்பில் வைத்து ஆட்டியபடி வந்தாள். இருவர் கண்ணும் சிவந்திருந்தன.

"உடம்பு சரியில்லையா?"

"தூக்கமே இல்லீங்க அக்கா. மிஷின் ஓடுனாத்தான் இது தூங்கும். மிஷின் நின்னா எந்திரிச்சு உக்காந்துக்குது. ஊருக்கெல்லாம் லீவு, எனக்கு மட்டும் இல்ல."

அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது. கவிதாவின் பாப்பாவைப் போலவே மெலாஞ்சும் நிட்டிங் மிஷின் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தது. அந்த இரைச்சல்தான் அதற்கு அமைதி. நாங்கள் அமைதி என்று நினைத்தது அதற்கு ஆபத்து. ஊரே திடீரென்று வாயை மூடிக்கொண்டால் எனக்குக்கூடத் தூக்கம் கலைந்துவிடுகிறதே. அமைதியான இடத்தில் கூண்டு வையுங்கள் என்பது எங்கோ அமைதியான ஊரில் இருப்பவர்கள் சொன்னது. படித்ததை நம்புங்கள், நானும் நம்புகிறவள்தான். ஆனால் அதை எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார் என்பதையும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை முடிந்து மிஷின்கள் ஓடத் தொடங்கின. காலையில் கவிதாவின் மிஷின் அறைச் சுவரை ஒட்டிக் கூண்டை வைத்தேன். குடோனிலும் லாரி வந்து மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் மல்லிகா அக்கா ஓடி வந்தார்.

"பிள்ள, வா வா. மெலாஞ்சு உள்ள இருக்கு."

தெருவே கூடிவிட்டது. துரைசாமி அண்ணன் மூட்டை ஏற்றுகிறவர்கள் உட்பட எல்லோருக்கும் டீ சொன்னார். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்று என் அப்பாவின் காதில் விழும்படி சொன்னார். அப்பா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார், யாராவது கேட்காமல் போய்விட்டார்களா என்று. நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

துணியைப் போட்டு மூடக் குனிந்தபோது மெலாஞ்ச் கம்பியில் முன்னங்கால்களை வைத்து எழுந்து நின்றது. அதன் வயிற்றைப் பார்த்தேன். காம்புகளைச் சுற்றி முடி உதிர்ந்து, தோல் சிவந்து, ஈரமாக இருந்தது. இது பால் கொடுத்துக்கொண்டிருக்கிற பூனை. தீபாவளிக்குக் குடோன் பூட்டியிருந்தபோது எங்கோ குட்டி போட்டிருக்கிறது.

எங்கே? பின்னால் துணி மலை. பக்கத்தில் பாதி ஏற்றிய லாரி.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். காலை நேரத்தில் அவர் அறுவைச் சிகிச்சையில் இருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்றாவது முறையும் போட்டேன். முடிவை வேறு யாராவது எடுத்தால் தேவலை என்று அப்போது தோன்றியதை நீங்களும் ஒரு நாள் உணர்வீர்கள்.

"அண்ணா, குட்டி இருக்குதுங்க. மெலாஞ்சைத் திறந்துவிட்டாத்தான் அது எங்கன்னு காட்டும்."

துரைசாமி அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன கண்ணு வெளையாடறியா? எத்தனை நாளாப் பிடிக்கறது இத. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. குட்டிய நாங்க தேடிக்கறோம்."

"இந்தக் குமியல்லயா? கிண்டுனா அடியில போயிருமுங்க. பிஞ்சுக் குட்டி."

லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "அண்ணா, வெசையாச் சொல்லுங்க. நேரமாச்சுன்னா மில்லுல உள்ள விடமாட்டாங்க."

மல்லிகா அக்கா என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுதத கேளு பிள்ள. இப்ப விட்டேன்னா இது செத்தாலும் இனி கூண்டுப் பக்கம் வராது. அடுத்த ஈத்து, அதுக்கடுத்த ஈத்துன்னு போவும். அவுக எல்லாத்தையும் சாக்குல கட்டிருவாக. ஒண்ணுக்காக மொத்தத்தையும் தொலைக்காத."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீ எனக்குக் குடுத்த வாக்கு என்னாச்சு?" என்றார் துரைசாமி அண்ணன்.

"பூனையைப் பிடிக்கறதுக்குத்தானுங்க அண்ணா வாக்குக் குடுத்தேன். குட்டியப் பட்டினி போடறதுக்கு இல்லீங்க."

சொல்லிவிட்டுக் கூண்டைத் திறந்துவிட்டேன். மெலாஞ்ச் வெளியே பாய்ந்து ஒரே தாவலில் சுவர் மேல் ஏறியது. ஏறி, எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

ஓர் அடிகூட நகரவில்லை. நாங்கள் பார்த்தோம். அது எங்கள் எல்லோரையும் விடப் பொறுமையாக இருந்தது. "நல்லாக் காட்டுது குட்டிய" என்று ஒருவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. என் காது சூடாகிவிட்டது.

அப்போதுதான் கவனித்தேன். தெருவில் சத்தமே இல்லை. வேடிக்கை பார்க்கக் கவிதா மிஷினை நிறுத்திவிட்டு வந்திருந்தாள். மூட்டை ஏற்றுகிறவர்கள் டீயோடு நின்றார்கள். தெருவே ஒரு பூனையை முறைத்துக்கொண்டிருந்தது.

"கவிதா, மிஷினைப் போடு. மத்தவங்க எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாருங்க. யாரும் அந்தப் பக்கம் பாக்காதீங்க. லாரிய மட்டும் சித்த நேரம் தொடாதீங்க."

பார்க்காதே என்று சொன்ன ஒன்றைப் பார்க்காமல் இருப்பது எங்கள் தெருவில் யாருக்கும் பழக்கமில்லை. ஆனாலும் முயன்றார்கள். துரைசாமி அண்ணன் ஒரு மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். மல்லிகா அக்கா வெள்ளைத் துண்டுகளைக் கறுப்பு மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் கூண்டுக் கம்பியைத் துடைத்தேன். கவிதாவின் மிஷின் இரைய ஆரம்பித்தது.

மெலாஞ்ச் சுவரிலிருந்து இறங்கியது. துணி மலையைப் பார்க்கவே இல்லை. அதைத் தாண்டி நேராக நடந்து, லாரியின் சக்கரத்தில் கால் வைத்து, மேலே ஏறியது. ஏற்றி முடித்த மூட்டைகளுக்கு மேல் போய், ஒன்றின் வாயைக் காலால் பிறாண்டியது. பிறகு கத்தியது.

துரைசாமி அண்ணன் அந்த வயதில் அவ்வளவு வேகமாக லாரியில் ஏறுவார் என்று நான் நினைத்ததில்லை. மெலாஞ்ச் சீறிப் பின்வாங்கி டிரைவர் கேபின் மேல் போய் நின்றது. அவர் மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். லீவுக்கு முன் வாய் கட்டாமல் விட்டிருந்த மூட்டை அது. வெள்ளை ரிப் துண்டுகளுக்கு நடுவில் மூன்று குட்டிகள். துணி மெத்தென்று இருந்ததால் தூக்கிப் போட்டும் ஒன்றுக்கும் அடிபடவில்லை. பசியில் மூன்றும் வாயைத் திறந்து திறந்து மூடின.

கூண்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் லாரி போயிருக்கும்.  அதோடு எல்லோருக்கும் இன்னொன்றும் நினைவுக்கு வந்துவிட்டது. 'ஒரு குட்டி என்ற மூட்டைக்குள்ள கண்டேன்னா' என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னவர், தன் மூட்டைக்குள்ளிருந்தே மூன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு லாரி மேல் நிற்கிறார். மல்லிகா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

துரைசாமி அண்ணன் எங்களைப் பார்த்தார். குட்டிகளைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார்.

"குடோனுக்குள்ள இருந்தா என்ற பொறுப்பு," என்றார். "லாரில ஏறுன பொறவு டிரைவர் பொறுப்பு. ஏனுங் டிரைவரே?"

"ஐயோ சாமி, என்னய உட்டுருங்க," என்றார் டிரைவர். "போன தடவயே என்ற தூக்குல இன்னும் வாசம் போகல."

சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணன் அந்த மூட்டையை அப்படியே இறக்கச் சொல்லித் தன் மேஜைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மெலாஞ்ச் கேபினிலிருந்து இறங்கி அவர் பின்னாலேயே போனது. சாக்கில் கட்டும் பேச்சு அதோடு பாதி போனது. மீதிப் பாதி, மெலாஞ்சுக்கு ஆபரேஷன் ஆகும்வரை பாக்கி.

அது பாக்கி என்பதை அண்ணன் மறக்கவிடவில்லை. குட்டிகள் சோறு தின்னப் பழகியதும், "என்னமோ பிடிச்சுக் காட்டறேன்னயே கண்ணு" என்று தினமும் என் வண்டியை நிறுத்திக் கேட்டார். மல்லிகா அக்கா சொன்னது போலவே மெலாஞ்ச் கூண்டைக் கண்டால் தெருவின் மறு ஓரத்துக்குப் போனது. அதனால் உணவை நம்பாமல், கூண்டின் பின்பக்கத்தில் தனிப் பெட்டியில் குட்டிகளை வைத்து, கம்பி வழியாகத் தெரியும்படி செய்தோம். பலகையை அது தாண்டிப் போய்விடும் என்பதால், கதவைத் தூக்கிக் குச்சியால் முட்டுக்கொடுத்து, இழுத்தால் விழும்படி குச்சியில் ஒரு கயிறு கட்டினோம். யாராவது மறைந்திருந்து இழுக்க வேண்டும். கவிதாவிடம் மட்டும், என்ன நடந்தாலும் மிஷினை நிறுத்தாதே என்று கெஞ்சி வைத்திருந்தேன்.

கயிற்றை நான் கையில் எடுத்தேன். துரைசாமி அண்ணன் அதை வாங்கிக்கொண்டார்.

"உனக்கு எரக்க மனசு. மறுபடி தொறந்து உட்டுருவ. குடு இப்புடி."

மூட்டைகளுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. "மூச்சு விடாதீங்க அண்ணாச்சி, தொப்பை ஏறி எறங்குறது பூனைக்குத் தெரியுது" என்று மல்லிகா அக்கா காதோரம் சொன்னதற்கும் கோபப்படவில்லை. மெலாஞ்ச் வந்தது. சுற்றியது. குட்டி ஒன்று கத்தியதும் உள்ளே பாதி போனது. நான் கண்ணால் கெஞ்சினேன், இப்போது இழுக்காதீர்கள், வால் மாட்டும். அவர் இழுக்கவில்லை. வாலின் நுனியும் உள்ளே போன பிறகுதான் இழுத்தார்.

மருத்துவமனைக்கும் அவரே தன் காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுபோனார். டாக்டரம்மாவிடம், "காது ரொம்ப வெட்டீறாதீங்க, அழகு கெட்டுரும்" என்றாராம்.

இதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் தெருவிலும் ஒருநாள் பிடித்ததைத் திறந்துவிட வேண்டி வரலாம். அன்று போனை யாரும் எடுக்க மாட்டார்கள். நல்லவர்கள், நியாயமான காரணத்தோடு, வேண்டாம் என்று கையைப் பிடிப்பார்கள். திறந்த பிறகும் பூனை உடனே நீங்கள் சொன்னது சரி என்று நிரூபித்துவிடாது. சுவரில் ஏறி முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாங்கப் பழகிக்கொள்ளுங்கள்.

காயம் ஆறிய மெலாஞ்சைக் கொண்டுவந்து குடோன் வாசலில் கூண்டைத் திறந்தபோது லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய காதோடு அது வெளியே வந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேராகச் சக்கரத்தில் கால் வைத்து லாரியில் ஏறி, ஒவ்வொரு மூட்டையின் வாயையும் மோந்துகொண்டே போனது. தலையில் மூட்டையோடு நின்ற ஒருவர் "ச்சூ" என்று விரட்டப் போனார்.

"டேய், சும்மா இரு," என்றார் துரைசாமி அண்ணன். "அவ செக்கிங் பாத்து முடிக்கட்டும். அப்பறம் ஏத்துங்க."